நெடுநீரும் ஆள்வினையும்



காலம் தாழ்த்துவோரைச் சோம்பேறி என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். வள்ளுவர் மடியின்மை அதிகாரத்தில், கெடுவோர் விரும்பியேறும் மரக்கலங்களுள் நெடுநீரை வேறாகவும் மடியை வேறாகவுமே எண்ணுகிறார்.

சேலம் இராமசாமி முதலியார் 1880இல் சீவகசிந்தாமணியைப் படிக்கத் தூண்டினார், உ.வே. சாமிநாதையரின் பதிப்பு 1887இல் வெளிவந்தது. இடையிலே ஏழாண்டுகள்! அவ்வளவு காலமும் ஏடு தேடினார், பாடம் ஒப்பிட்டார், சமணரிடம் சென்று ஐயம் தெளிந்தார். பிழை நேருமோ என்ற அச்சம் அவரை ஏட்டினிடம் அழைத்துச் சென்றது.

அதே அச்சம் என்னை ஏட்டைவிட்டு விலக்கிற்று. என் ஆசிரியர் தம் பாடல்களைப் பிழைதிருத்தி அச்சிடுமாறு ஒரு குறிப்பேட்டை என்னிடம் ஒப்படைத்தார். நான் சோம்பியிருந்தேன் அல்லேன். அக்காலத்தில் வேறு இரு நூல்கள் எழுதினேன். குறைவறப் பதிப்பிக்க வேண்டுமே என்று அஞ்சி, அதை மட்டும் பதினோராண்டுகள் பெட்டியில் வைத்திருந்தேன். அவர் மறைந்தபின் திறந்தேன். பாதியைக் கறையான் தின்றிருந்தது. (இவ்வுரையின் எழுத்துப்படியையும் மலர்க்குழுவினர் மூன்றுமுறை கேட்ட பின்னரே தந்தேன் என்பதை மறைப்பதற்கில்லை.)

எஞ்சியவை 43 பாடல்கள். நாளுக்கொன்றாகப் படியெடுத்து வருகிறேன். ஐயமுள்ள சொற்களைக் கோடிட்டுவிட்டு மேலே செல்கிறேன். நேற்றோடு பத்தொன்பது முடிந்தன.