மழை விடும் வரை... பொறுமை யாருக்குக் கடமை?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

புகழனைத்தும் அகிலத்தாரின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

உலகின் வடபகுதி நாடுகளில் குளிர்காலம் வந்துவிட்டால், மாதக் கணக்கில் பனி கொட்டும். வயல்கள் உறைந்துவிடும். மனிதர்கள் வீட்டிற்குள் அடைந்து, சேமித்து வைத்ததை உண்டு, வசந்தம் எப்போது வரும் என்று காத்திருப்பார்கள். அந்தப் பனிக்குத் தப்பி வரும் வெளிநாட்டவர் பலரை மார்கழி, தை மாதங்களில் எங்கள் பகுதியிலுள்ள ஆரோவில்லின் செம்மண் சாலைகளில் காணலாம். அவர்களைப் போலவே குளிர்ப் பிரதேசங்களிலிருந்து பறந்து வரும் பறவைகளை, மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி ஏரியில் காணலாம். பல்லாயிரம் பறவைகள் வந்து தங்கும் அந்த ஏரி, 2021ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் நீர்நிலைகளின் பட்டியலிலும் இடம் பெற்றது.

பனி பெய்யாத நமது கடற்கரையில் வீட்டிற்குள் அடைந்து பருவத்திற்காகக் காத்திருப்போர் இல்லையா? இருக்கிறார்கள். பறவைகளையும் விருந்தினரையும் கண்டு மகிழும் நாம், அதே நாட்களில் அதே கரையில் காத்திருக்கும் மனிதர்களைக் காணத் தவறிவிடுகிறோம். அவர்கள் மரக்காணத்தின் உப்பளத் தொழிலாளர்கள். இன்றைய உரை அவர்களைப் பற்றியதும், அவர்களை முன்னிட்டு நம்மைப் பற்றியதும் ஆகும்.

வெயிலில் விளையும் பயிர்

நெல்லுக்கு மழை வேண்டும். உப்புக்கு வெயில் வேண்டும். கடல் நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கலந்திருக்கின்றன. அந்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலிலும் காற்றிலும் வற்ற வைக்க வேண்டும். ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக நீர் சுருங்கிய பிறகுதான் சமையல் உப்பு படிகமாக விளையத் தொடங்கும். அதற்குப் பிறகும் எஞ்சும் கசப்பு நீரை வெளியேற்றிவிட வேண்டும். இல்லையேல் உப்பு கசந்து போகும். தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக நம் மாநிலத்தில் பெயர் பெற்ற உப்பளங்கள் மரக்காணத்தில்தான் உள்ளன.

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் இத்தொழில் நின்றுவிடும். ஐப்பசியில் பாத்திகள் மூழ்கும். மார்கழி வரை அவை குளமாகக் கிடக்கும். தை பிறந்து மழை ஓய்ந்த பின்னரும் உடனே உப்பு விளைந்துவிடாது. தேங்கிய நீரை இறைக்க வேண்டும். சேற்றை வழிக்க வேண்டும். கரைந்த வரப்புகளைக் கட்ட வேண்டும். பாத்தியின் தளத்தைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். அதன் பிறகே புதிய நீர் பாயும். ஆக, கையில் காசு புரளாமல் கழியும் காலம் மூன்று மாதம் என்று சொல்லப்பட்டாலும், உண்மையில் அது நான்காகவும் ஐந்தாகவும் நீள்வதுண்டு.

புயல் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்று கொட்டித் தீர்த்தது; புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் அதிகமான மழை பதிவாயிற்று. மரக்காணத்தின் உப்பளங்கள் கடலோடு கடலாக மூழ்கிக் கிடந்த காட்சியைக் கண்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

மழை வேண்டுமா, வேண்டாமா?

அன்பர்களே! இங்கே ஒரு நுட்பமான விஷயத்தைக் கவனியுங்கள். திண்டிவனத்து விவசாயி மழைக்காகக் கையேந்துகிறார். மரக்காணத்து உப்பளத் தொழிலாளி மழை விட வேண்டுமே என்று ஏங்குகிறார். இருவரும் அல்லாஹ்வின் படைப்புகளே. ஒருவருக்கு ரஹ்மத்தாக இருப்பது மற்றவருக்குச் சோதனையாக இருக்கிறது.

ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சி நமக்கு வழிகாட்டுகிறது. நபி (ஸல்) அவர்கள் ஜும்ஆ உரை நிகழ்த்திக் கொண்டிருக்கும்போது ஒரு கிராமவாசி எழுந்து நின்று, கால்நடைகள் மடிகின்றன, மழைக்காகப் பிரார்த்தியுங்கள் என்று முறையிட்டார். அன்னார் கையேந்தினார்கள். மழை பொழிந்தது, ஒரு வாரம் நிற்காமல் பொழிந்தது. அடுத்த ஜும்ஆவில் மீண்டும் ஒருவர் எழுந்து, வீடுகள் இடிகின்றன, மழை நிற்கப் பிரார்த்தியுங்கள் என்றார். அப்போது நபி (ஸல்) அவர்கள் மழையை ஒரேயடியாக நிறுத்துமாறு கேட்கவில்லை. எங்கள் மீதல்லாமல் எங்களைச் சுற்றிலும், குன்றுகளிலும் ஓடைகளிலும் மரங்கள் முளைக்கும் இடங்களிலும் பொழியச் செய்வாயாக என்ற கருத்தில் வேண்டினார்கள்.

தன் சிரமம் நீங்க வேண்டும்; ஆனால் பிறர் பெறும் நலம் அதனால் தடைபடக் கூடாது என்பதே இந்தப் பிரார்த்தனையின் ஒழுக்கம். இரண்டு ஜும்ஆக்களிலும் எழுந்து நின்றவரை, பொறுமையற்றவரே, அமரும் என்று அன்னார் அதட்டவில்லை என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள்.

பள்ளிவாசல் படியில் ஒரு கேள்வி

இதை நான் ஏன் குறிப்பிடுகிறேன் என்றால், என்னிடமே ஒருவர் எழுந்து நின்றார். சில ஆண்டுகளுக்கு முன்பு, அடைமழைக் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. ஸப்ரு எனும் பொறுமையைப் பற்றி உரை நிகழ்த்தினேன். ஐயூப் (அலை) அவர்களின் வரலாற்றைக் கூறினேன். தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, படியோரம் ஒரு பெரியவர் குடையுடன் காத்திருந்தார். உப்பளத்தில் கூலி வேலை செய்பவர். அவர் கேட்டார்:

"ஹள்ரத், நீங்கள் சொன்ன ஸபுரு எனக்குப் புதிதல்ல. நாற்பது வருடமாக ஒவ்வொரு மழைக்கும் வீட்டில் உட்கார்ந்து அதைத்தான் செய்கிறேன். ஆனால் எனக்குக் கடன் கொடுத்த கடைக்காரரும் முதல் ஸஃப்பில்தானே உட்கார்ந்திருந்தார்? நேற்று என் பேரப்பிள்ளை முன்னால் நின்று பாக்கியைக் கேட்டுவிட்டுப் போனார். அவருக்கு நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே?"

நான் மௌனமாக நின்றேன். அவர் கோபத்தில் கேட்கவில்லை. உண்மையிலேயே அறிந்து கொள்ளும் நோக்கத்தில் கேட்டார். அன்றிரவு நான் கிதாபைப் புரட்டியபோது, விடை எனக்குத் தெரியாததல்ல என்பது விளங்கிற்று. மத்ரஸாவில் ஓதிய வசனமே அது. இல்லாதவனுக்குப் பொறுமையை உபதேசிப்பது எளிதாக இருந்ததால், இருப்பவனுக்குரிய வசனத்தை நான் மறந்திருந்தேன். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக!

காத்திருக்க வேண்டியவர் யார்?

அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனத்தில் அல்லாஹ், கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால், அவருக்கு வசதி ஏற்படும் வரை அவகாசம் அளிக்குமாறு கட்டளையிடுகிறான். அதைத் தர்மமாகவே விட்டுவிடுவது மேலும் சிறந்தது என்றும் உணர்த்துகிறான். இந்த வசனத்தின் அமைப்பைச் சிந்தியுங்கள். 'காத்திரு' என்ற கட்டளை இங்கே ஏழையின் மீது இறங்கவில்லை. கொடுத்தவர் மீது இறங்கியிருக்கிறது! மழை விடும் வரை, பாத்தியில் உப்பு விளையும் வரை காத்திருக்க வேண்டியவர் வாங்கியவர் மட்டுமல்லர், கொடுத்தவரும்தான். வாங்கியவர் காத்திருப்பது நிர்ப்பந்தம். கொடுத்தவர் காத்திருப்பதோ வணக்கம்.

நெருக்கடியில் உள்ள கடனாளிக்கு அவகாசம் கொடுப்பவரை, அல்லது கடனை விட்டுக் கொடுப்பவரை, அல்லாஹ் தன் நிழலில் வைத்துக் காப்பான் என்ற கருத்திலமைந்த நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் இடம் பெற்றுள்ளது. வெயிலில் நின்று உப்பு வாருகின்றவருக்கு அவகாசம் கொடுத்தவருக்கு, மறுமையின் வெயிலில் நிழல் கிடைக்கிறது.

தனிமனிதர் மட்டுமன்றி அரசும் காத்திருந்த வரலாறு நம்மிடம் உண்டு. ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு, ஹிஜாஸ் பகுதியில் கொடிய பஞ்சம் ஏற்பட்டது. 'ஆமுர் ரமாதா', அதாவது சாம்பல் ஆண்டு என்று அது அழைக்கப்படுகிறது. மக்களின் பசி நீங்கும் வரை கலீஃபா உமர் (ரலி) அவர்கள் நெய் உண்பதைத் தவிர்த்துக் கொண்டார்கள். அவ்வாண்டு கால்நடைகளுக்கான ஸகாத்தை வசூலிக்காமல் தள்ளி வைத்து, செழிப்பு திரும்பிய பிறகே வசூலிக்க ஆள் அனுப்பினார்கள் என்றும் அறிவிக்கப்படுகிறது.

அதே நேரத்தில் கடன்பட்ட சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. வசதி வந்த பின்னரும் கடனை இழுத்தடிப்பது அநீதி என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். மாசியில் கூலி கைக்கு வந்ததும் முதலில் நினைவுக்கு வர வேண்டியது, ஐப்பசியில் அரிசி கொடுத்தவரின் முகமாகும்.

காத்திருப்பு சும்மா இருப்பதல்ல

சூரா யூஸுஃபில், ஏழாண்டுச் செழிப்புக்குப் பின் ஏழாண்டு வறட்சி வரும் என்று கனவுக்கு விளக்கம் கூறிய யூஸுஃப் (அலை) அவர்கள், அத்துடன் நிறுத்திக் கொள்ளவில்லை. விளைந்ததில் உண்பதற்குச் சிறிது எடுத்துக் கொண்டு, எஞ்சியதைக் கதிரோடு விட்டு வைக்கும் திட்டத்தையும் கூறினார்கள். தவக்குல் என்பது திட்டமின்மை அன்று என்பதற்கு இது சான்று. சூரா குறைஷிலும் குளிர்காலப் பயணத்தையும் கோடைகாலப் பயணத்தையும் நினைவூட்டிய பின்னரே, பசிக்கு உணவளித்து அச்சத்திலிருந்து அபயமளித்த இரட்சகனை வணங்குமாறு அல்லாஹ் பணிக்கிறான்.

கண்ணெதிரே உள்ள உதாரணத்தையும் பாருங்கள். 1968ஆம் ஆண்டு ஆரோவில் தொடங்கப்பட்டபோது, அது மண்ணரித்துப் போன செம்மண் மேடாகவே இருந்தது. மழை நீர் ஓடிவிடாமல் வரப்புகள் கட்டி, கன்று நட்டு, பல்லாண்டுகள் உழைத்த பின்னரே இன்றுள்ள காடு உண்டாயிற்று. நற்காரியத்தில் உழைப்போடு கூடிய காத்திருப்பு வீண்போகாது என்பதை அந்த மண் கூறுகிறது.

குளிர்காலமே முஃமினின் வசந்தம் என்ற கருத்தில் ஓர் அறிவிப்பு முஸ்னத் அஹ்மதில் உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி ஹதீஸ் கலையினர் பேசியிருக்கிறார்கள் எனினும், கருத்து சிந்திக்கத்தக்கது. பகல் குறுகியதால் நோன்பு எளிதாகிறது. இரவு நீண்டதால் தொழுகை எளிதாகிறது. ஆனால் அன்பர்களே, பசித்த வயிற்றோடு ஒழுகும் கூரையின் கீழ் படுத்திருப்பவருக்கு நீண்ட இரவு எப்படி வசந்தமாகும்? அதை வசந்தமாக்கும் பொறுப்பை அல்லாஹ் அவருடைய அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்திருக்கிறான்.

நாம் செய்ய வேண்டியவை

மழைக்கால வேலையிழப்புக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்திற்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு அண்மை ஆண்டுகளில் கொண்டு வந்துள்ளது. இது வரவேற்கத்தக்கது, தகுதியிருந்தும் விண்ணப்பிக்கத் தெரியாதவர்களுக்கு, படித்த இளைஞர்கள் உதவ வேண்டும். எனினும் மூன்று மாதங்களுக்குப் பங்கிட்டால், ஒரு நாளைக்கு ஒரு குடும்பத்திற்கு ஏறத்தாழ 55 ரூபாய்தான் வரும். மீதியை யார் நிரப்புவது? வட்டிக்காரர் நிரப்பக் காத்திருக்கிறார். அவர் வாசலுக்கு வரும் முன் நாம் போக வேண்டாமா?

எனவே, மஹல்லாதோறும் புரட்டாசியிலேயே சிறு தொகை திரட்டி, வட்டியில்லாக் கடனாகக் கொடுத்து, உப்பு விளைந்த பின் தவணையாகத் திரும்பப் பெறும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். கடனாளிகள் ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரில் அடங்குவர் என்பதை நினைவில் கொள்ளுங்கள். உப்பளத்தில் உழைப்போரில் பெரும்பாலோர் பிற சமயச் சகோதரர்களே. ஸகாத்திற்குத் தனிச் சட்டங்கள் உண்டு. ஸதகாவிற்கும் அண்டை வீட்டார் உரிமைக்கும் சமயம் தடையல்ல.

அந்தப் பெரியவரின் கேள்விக்கு அடுத்த ஜும்ஆவில் யார் பெயரையும் குறிப்பிடாமல் பதில் கூறினேன். உரைக்குப் பின் கடைக்காரர் என்னிடம் வந்தார். "நானும் மொத்த வியாபாரிக்குப் பாக்கி வைத்திருக்கிறேன், ஹள்ரத். எனக்கு யார் தவணை தருவார்?" என்றார். அவர் கேட்டதும் நியாயமே. அவகாசம் என்பது ஒருவர் தோளில் மட்டும் ஏற்றும் சுமையன்று. மேலிருந்து கீழ் வரை ஒவ்வொருவரும் சிறிது சிறிதாகத் தாங்க வேண்டியது. அன்று ஜமாஅத்தார் சிலர் சேர்ந்து அவருடைய பாக்கியில் ஒரு பகுதிக்குக் கைமாற்று கொடுத்தனர். அவர் பற்றுப் புத்தகத்தைக் கிழித்தெறியவில்லை. ஆனால் தை வரை அந்த வீட்டு வாசலுக்குப் போகவில்லை. மாசி பிறந்து இரண்டாம் வாரம், பெரியவரே கடைக்குச் சென்று முதல் தவணையைக் கொடுத்தார்.

அன்பு வாசகர்களே! இன்று உங்கள் உணவில் உப்பு இருக்கிறது. அதை வாரிக் குவித்த கரங்கள் ஒவ்வொரு மழைக்கும் வேலையின்றி மடியில் கிடக்கின்றன. உங்களிடம் பாக்கி வைத்திருப்பவர் யாரேனும் இந்த மழையில் காத்திருக்கிறாரா என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். இருந்தால், அவர் உங்களைத் தேடி வரும் முன் நீங்களே சென்று, வசதி வரும்போது கொடுங்கள் என்று கூறிவிடுங்கள். அந்த ஒரு சொல்லே அவர் வீட்டிற்கு வந்த வசந்தமாகும்.

யா அல்லாஹ்! எங்கள் மழையைப் பயன்தரும் மழையாக ஆக்குவாயாக! வேலையின்றி வீட்டில் காத்திருப்போருக்கு ஹலாலான வாழ்வாதாரத்தைத் திறப்பாயாக! கொடுத்தவருக்குப் பொறுமையையும், பெற்றவருக்கு நாணயத்தையும் தருவாயாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.