மலையேறும் மோட்டாரும் நீர்ப் பம்பும்



போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு வளைந்து வளைந்து ஏறும் பாதையையோ, லோயர் கேம்பிலிருந்து குமுளிக்குச் செல்லும் பாதையையோ நீங்கள் பேருந்தில் கடந்திருப்பீர்கள். இன்று வண்டிகள் பெரும்பாலும் இடைநில்லாமல் ஏறிவிடுகின்றன. மோட்டார் புதிதாய் வந்த காலத்தில் பாதி மலையிலேயே ரேடியேட்டர் கொதித்து ஆவி பறக்கும். எஞ்சின் ஆறும்வரை காத்திருப்பதன்றி ஓட்டுநருக்கு வேறு வழி இராது.

எஞ்சினில் எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதைச் சூழ்ந்துள்ள நீரைச் சேருகிறது. அந்நீர் இடைவிடாது ரேடியேட்டருக்குச் சென்று குளிர்ந்து திரும்ப வேண்டும். அதனைச் செலுத்துவது எது?

பழைய கார்கள் பலவற்றில் எதுவுமே இல்லை! 1908-இல் வெளிவந்த ஃபோர்டு ‘டி’ மாடலின் முதல் 2,500 வண்டிகள் அளவில் பற்சக்கரத்தால் சுழலும் பம்பு இருந்தது. பின்னர் ஃபோர்டு அதையும் நீக்கிவிட்டார். 1922-இல் வந்த ஆஸ்டின் செவனும் பம்பின்றியே ஓடிற்று. சூடான நீர் கனம் குறைந்து மேற்குழாய் வழியே ரேடியேட்டரின் உச்சிக்குச் செல்லும். அங்கே குளிர்ந்து கனத்துக் கீழிறங்கி, மீண்டும் எஞ்சினின் அடியில் புகும். கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்வோர்க்கு இது வியப்பளிக்காது. 1895-இல் முடிவுற்ற பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே பம்பின் உதவியின்றித்தானே இப்பக்கம் வருகிறது? அங்கே நீரை நடத்துவது உயர வேறுபாடு. இங்கே கன வேறுபாடு. இரண்டிலும் உழைப்பது புவியீர்ப்பே.

எளிமையான ஏற்பாடுதான், ஆயினும் மலைக்கு ஏற்றதன்று. கன வேறுபாட்டால் எழும் விசை மிகச் சிறிது. நீர்மட்டம் மேற்குழாயின் வாய்க்குக் கீழே இறங்கிவிட்டால் ஓட்டம் அறவே நின்றுவிடும். சிறிது நீர் கொதித்து வெளியேறினாலே போதும், எஞ்சியதும் விரைவில் கொதிக்கும். மேலும், ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரமுள்ள போடிமெட்டில் திறந்த கலத்து நீர் 95 பாகை அளவிலேயே கொதித்துவிடுகிறது. அவசரப்பட்டுக் குளிர்ந்த நீரைக் கொட்டினால் எஞ்சின் வார்ப்பு வெடித்தாலும் வெடிக்கும். மூடியைத் திறக்கும் கை வெந்துபோகவும் கூடும்.

ஆகவே பம்பு இன்றியமையாததாயிற்று. கிணற்றடியில் காணும் பம்பின் சிறிய உருவமே அது. உள்ளே இறக்கைச் சக்கரம் சுழன்று நீரை விளிம்புக்கு வீசும். அதைச் சுழற்றும் முறைதான் வண்டிக்கு வண்டி மாறியது.

பெரிய கார்கள் பலவற்றில் எஞ்சினின் முன்புறப் பற்சக்கரங்களே பம்பையும் சுழற்றின. சிலவற்றில் குறுக்காக ஓடும் ஒரே தண்டின் ஒரு முனையில் மாக்னெட்டோவும் மறுமுனையில் பம்பும் அமைந்திருந்தன. பற்சக்கரம் வழுக்காது, அது பெரும் நன்மை. ஆனால் தண்டு வெளிவரும் இடத்தில் நீர் கசியாதிருக்கக் கிராஃபைட் பூசிய கயிற்றைச் சுற்றி இறுக்குவர். தளர்ந்தால் ஒழுகும், மிகுதியாய் இறுக்கினால் தண்டு தேயும். கிரீஸ்க் கிண்ணத்தை அவ்வப்போது திருகிவிடுவதும் ஓட்டுநரின் கடமை.

1927-இன் இறுதியில் வந்த ஃபோர்டு ‘ஏ’ மாடலில் பம்பும் விசிறியும் ஒரே தண்டில் அமைய, ஒரே பெல்ட் அவற்றையும் டைனமோவையும் சுழற்றியது. பின்னாளில் நம் நாட்டுச் சாலைகளை நிறைத்த அம்பாசடரிலும் ஏறத்தாழ இவ்வேற்பாடே. ஆயில் எஞ்சினையும் பம்பையும் பெல்ட்டால் இணைத்து நீர் இறைத்த உழவருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

இதில் ஒரு நயம் உண்டு. பம்பு சுழல்வது எஞ்சினின் வேகத்திற்கேற்ப. வண்டியின் வேகத்திற்கேற்ப அன்று. கொண்டை ஊசி வளைவில் முதல் கியரில் வண்டி ஊர்ந்தாலும் எஞ்சின் விரைந்து சுழல்வதால், பம்பும் விசிறியும் விரைந்தே சுழலும். எதிர்க்காற்று குறையும் இடத்தில் இது பேருதவி.

பெல்ட் தளர்ந்து வழுக்கினாலோ, அறுந்தாலோ நிலைமை வேறு. அப்போது டைனமோவும் நின்றுவிடுமாதலால், ரேடியேட்டர் ஆவி கக்குவதற்கு முன்னரே அம்மீட்டரின் முள் மின்னிழப்பின் பக்கம் சாயும். கவனமுள்ள ஓட்டுநர் அதைக் கண்டவுடன் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, மூடியைத் தொடாமல் முதலில் பெல்ட்டைத்தான் பார்ப்பார்.