தண்டையல்: அன்னபூரணி சென்ற கடல்வழி



நான் ஆசிரியப் பணியில் இருந்தபோது, ஒருமுறை நான்காம் படிவ மாணவர்களுக்கு ‘கடலில் ஓராண்டு’ என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தேன். வந்து சேர்ந்த கட்டுரைகளில் முக்கால்வாசி கரீபியன் கடலில் நடந்தன. பவளத்தீவு இருந்தது, புதையல் இருந்தது, ஒற்றைக்கண் கொள்ளையன் தவறாமல் இருந்தான். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது; திரைப்படம் காட்டிய கடல் அதுதான். சிம்பாங் ரெங்கத்தில் பிறந்த பிள்ளைக்கு அன்னாசித் தோட்டமும் செம்பனையும் தெரியும். அலையைப் பார்க்க வேண்டுமானால் பெனூட் வரை போகவேண்டும்.

அன்றியும், பாய்க்கப்பல் ஓட்டுவோருக்குக் கரீபியன் ஒரு முற்றம் போன்றது என்பதும் உண்மையே. வடகிழக்கிலிருந்து வாணிபக் காற்று அங்கே ஆண்டின் பெரும்பகுதி தளராமல் வீசுகிறது. அந்தக் காற்றை வைத்தே அங்குள்ள தீவுகளுக்குப் பெயர் சூட்டினார்கள்: ஒரு கூட்டம் காற்றுமுகத் தீவுகள், இன்னொரு கூட்டம் காற்றுமறைவுத் தீவுகள். ஜூன் தொடங்கி நவம்பர் வரை பெரும்புயலுக்கு அஞ்சிப் பலர் விலகியிருப்பார்கள்; பிறகு மீண்டும் கூடுவார்கள். ஓராண்டு அங்கே சுற்றி வந்து நூல் எழுதியவர்கள் மேலைநாடுகளில் ஏராளம்.

கட்டுரைகளைத் திருப்பிக் கொடுத்த அன்று ஒரு மாணவி எழுந்து, “ஐயா, நம்மவர்கள் யாராவது பாய்க்கப்பலில் அந்தப் பக்கம் போயிருக்கிறார்களா?” என்று கேட்டாள். சோழர் கடாரம் சென்றதைச் சொன்னேன். “அது இந்தப் பக்கம் ஐயா” என்றாள். வகுப்பு சிரித்தது. அன்று என்னிடம் விடை இல்லை. இன்றைய உரை, காலந்தாழ்ந்த அந்த விடை.

போயிருக்கிறார்கள். முதலில் போனவர்கள் சரக்கைப் போலப் போனார்கள். 1850களில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிய பிரெஞ்சுக் கப்பல்கள், நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குச் சென்றன. சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869இல்தான். ஆகவே மாதக்கணக்கில் கடலிலேயே கிடந்தார்கள். அவர்களின் வழிவந்தோர் மாரியம்மனை இன்றும் அத்தீவுகளில் வழிபடுகிறார்கள். நம் தோட்டத்து முன்னோர் வந்த கதைக்கு அது அண்ணன் முறை. எங்கள் பாட்டி நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி வந்தவர். 1926இல் கட்டப்பெற்று 1973 வரை நம் கரைக்கும் தமிழகத்துக்கும் இடையே ஓடிய அந்தக் கப்பலின் மேல்தளத்தில், வானமே கூரையாகக் கிடந்து வந்தார். அவர் நினைவில் நின்ற வீரச்செயல்கள் இரண்டே: வாந்தி எடுத்தது, ஒரு கலாசி இரக்கப்பட்டுக் கொடுத்த எலுமிச்சங்காயை மூன்று நாள் மடியில் வைத்திருந்தது.

அந்த மாணவி கேட்டது இதுவன்று என்பது எனக்குத் தெரியும். சுக்கானைப் பிடித்துக்கொண்டு போனவர் யார் என்றே அவள் கேட்டாள்.

இலங்கையின் வடகோடியில், யாழ்ப்பாணத் தீபகற்பத்தின் கரையில் வல்வெட்டித்துறை என்றொரு சிற்றூர் உண்டு. கப்பல் கட்டுவதும் கப்பல் ஓட்டுவதும் அவ்வூராரின் தொழில். அங்கே 1930ஆம் ஆண்டளவில் வேம்பும் இலுப்பையும் கொண்டு கட்டப்பட்டவள் ‘அன்னபூரணி அம்மாள்’. கப்பலைப் பெண்ணாகச் சொல்வது மாலுமிகளின் வழக்கம். நானும் அப்படியே சொல்லிப் போகிறேன். நீளம் ஏறத்தாழ 89 அடி. நாம் அமர்ந்திருக்கும் இம்மண்டபத்தின் நீளம் அதைவிடக் குறைவாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு பாய்மரங்கள், குறுக்கே பருமல்களில் கட்டிய சதுரப் பாய்கள்.

ஒரு சொல் பட்டியலுக்கு இங்கே இடம் கொடுங்கள். மொழி மன்றத்தில் பேசுகிறவனுக்கு இந்த உரிமை உண்டு. கப்பலின் அடியில் முதுகெலும்பாய்க் கிடக்கும் நெடுமரம் ஏரா. அதிலிருந்து விலா எலும்புகள் போல் எழுபவை வங்குகள். முன்புறம் அணியம். பாய் தொங்கும் குறுக்குக்கழி பருமல். பாயை இழுத்துக் கட்டும் கயிறு தாமான். பலகைகளின் இடுக்கில் பஞ்சும் நாரும் திணித்து நீர் புகாமல் அடைக்கும் வேலை கலப்பத்து. இவற்றுள் எத்தனை நம் பாடநூல்களில் இருக்கின்றன என்று ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்கலாம். ‘கப்பல்’ மட்டும் எப்படியோ பிழைத்தது. மலாய் மொழியிலும் ‘காப்பால்’ என்று குடியேறி, இன்று ஆகாயக் கப்பலாகப் பறக்கவும் செய்கிறது.

இனி, வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கரைப் பற்றிச் சொல்லவேண்டும். 1928இல் ‘ஸ்வாப்’ என்னும் முப்பத்திரண்டடிப் படகில் புறப்பட்டு, பெர்மூடாவைத் தொட்டு, கரீபியன் கடல் கடந்து, பனாமாக் கால்வாய் வழியே பசிபிக்கில் இறங்கி, 1931இல் உலகைச் சுற்றி முடித்தவர். 1934இல் கலாபகோஸ் தீவுகளில் குடல்வால் வெடித்துச் சாகக் கிடந்து, அமெரிக்கக் கடற்படை வந்து மீட்டதால் பிழைத்தவர். உலகின் பல கரைகளில் பல வகைக் கப்பல்களைப் பார்த்த கண் அவருடையது. அந்தக் கண் இலங்கையில் அன்னபூரணியின் மேல் நின்றது. விலைக்கு வாங்கினார். தம் மனைவியின் பெயரால் ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று பெயரை மாற்றினார்.

பெயரை மாற்றலாம், ஓட்டுவதற்கு ஆள் வேண்டுமே. மேலைநாட்டுக் கப்பித்தானின் கீழ் பாய்களை ஆண்டவர்கள் வல்வெட்டித்துறை மாலுமிகளே. அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை. அவருடைய பதவியின் பெயர் தண்டையல். இச்சொல்லை மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

1937இல் தொடங்கிய அந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அட்லாண்டிக் அன்று, செங்கடல். அரபிக்கடலைக் கடப்பது இவர்களுக்குப் புதிதல்ல. கார்த்திகை முதல் மாசி வரை வடகிழக்குப் பருவக்காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். யாழ்ப்பாணத்து மாலுமிகள் வடக்கிலிருந்து வருவதை வாடை என்பார்கள், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்பார்கள். சங்கப் புலவர்களும் அப்படியே சொன்னார்கள். தெற்கிலிருந்து வருவது அவர்களுக்குச் சோழகம், மேற்கிலிருந்து வருவது கச்சான். ஏடன் வரை இந்தக் காற்றுகளுக்குப் பெயர் உண்டு. ஏடனைத் தாண்டிச் செங்கடலுள் நுழைந்தால், இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்த ஒடுங்கிய கடலின் வடபாதியில், ஆண்டின் பெரும்பகுதி காற்று எதிர்முகமாக வடமேற்கிலிருந்தே வீசும்.

எதிர்க்காற்றில் பாய்க்கப்பல் எப்படிப் போகும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நேராகப் போகாது. சதுரப் பாய்கட்டிய கப்பல், காற்று வரும் திசைக்கு ஏறத்தாழ அறுபது பாகையாவது விலகி நின்றால்தான் முன்னேறும். ஆகவே வலப்புறம் சாய்வாக நெடுந்தொலைவு ஓடவேண்டும். பிறகு எல்லாத் தாமான்களையும் தளர்த்தி, பருமல்களைத் திருப்பி, மறுபடி இழுத்துக் கட்டி, இடப்புறம் சாய்வாக ஓடவேண்டும். நாள் முழுதும் ஓடி, மாலையில் பார்த்தால் காலையில் கண்ட மலையே இன்னும் அருகில் நிற்கும். இரு மருங்கிலும் பவளப் பாறைகள். திருப்புவதில் சில நிமிடம் தாமதித்தால் ஏரா பாறையில் உட்காரும். கொள்ளையனும் புதையலும் இல்லாத கதைதான். ஆனால் அணியத்தில் நின்று எப்போது திருப்புவது என்று குரல் கொடுக்கிறாரே, அந்த ஒருவரின் கணிப்பில் எல்லார் உயிரும் தொங்குகிறது. பதினாறு பக்கக் கட்டுரைக்கு இது போதாதா?

சூயஸ், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர். இவற்றை விரைந்து கடக்கிறேன். அவர்கள் அவ்வளவு விரைந்து கடந்திருக்க முடியாது. அப்பால் அட்லாண்டிக். பாய்க்கப்பல்கள் அங்கே நேர் மேற்காகப் போவதைத் தவிர்த்து, தெற்கே இறங்கி வாணிபக் காற்றைப் பிடிப்பதே கொலம்பஸ் காலத்திலிருந்து வரும் வழக்கம். கரீபியனுக்குக் கூட்டிப்போகும் அதே காற்று. அன்னபூரணி பெர்மூடாவை அடைந்து, அங்கிருந்து வடக்கே ஏறினாள்.

இங்கே வானத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். துருவ நட்சத்திரம் அடிவானிலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, அதுவே நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை. வல்வெட்டித்துறையில் அது ஏறத்தாழப் பத்துப் பாகை: கையை நீட்டி முட்டியை மடக்கினால் ஒரு முட்டி உயரம். ஒரு முட்டி உயரத்தில் அந்த நட்சத்திரத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள், பெர்மூடாவில் அதை மூன்று முட்டிக்கு மேலும், பயணத்தின் முடிவில் நான்கு முட்டிக்கு மேலும் கண்டிருப்பார்கள். நாம் இருக்கும் சிம்பாங் ரெங்கத்தில் அதன் உயரம் இரண்டு பாகைக்கும் குறைவு. கொல்லைப்புறச் செம்பனையே மறைத்துவிடும். நம்மில் யாரும் அதைப் பார்த்ததில்லை என்பதில் வியப்பில்லை.

1938 ஆகஸ்டு 1ஆம் நாள், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறையில் அன்னபூரணி நங்கூரம் இறக்கினாள். குளோஸ்டர் மீன்பிடிப் பாய்க்கப்பல்களுக்குப் பெயர்பெற்ற பழைய ஊர். கப்பலின் குறைநிறை அறிந்தவர்கள் நிறைந்த கரை. அந்தக் கரையில் வேம்பும் இலுப்பையும் வந்து நின்றன. போஸ்டன் நகரச் செய்தித்தாள் மறுநாள் அதைச் செய்தியாக்கியது.

இதற்குப் பிந்திய வீரப்பயணங்கள் உங்களுக்குத் தெரிந்தவையே. 1999இல் நம் அஸ்ஹார் மன்சோர் லங்காவியிலிருந்து ‘ஜாலூர் கெமிலாங்’ படகில் தனியே புறப்பட்டு, 190 நாள்களில் திரும்பினார். புதுச்சேரியைச் சேர்ந்த இந்தியக் கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமி, தில்னா என்னும் மற்றோர் அதிகாரியுடன் 2024 அக்டோபர் 2ஆம் நாள் கோவாவில் ‘தாரிணி’யின் பாய் விரித்து, தென் அமெரிக்காவின் ஹார்ன் முனையைச் சுற்றி, 2025 மே 29ஆம் நாள் கோவாவுக்கே மீண்டார். நான்கே இடங்களில் நின்று, எட்டு மாதம், இரு பெண்கள் மட்டும். கேள்வி கேட்ட மாணவிக்கு இச்செய்தியை நானே அனுப்பினேன். இதைப் பற்றித் தமிழில் நான் படித்த செய்திகளில் அதிகாரி, கேப்டன், வீராங்கனை எல்லாம் இருந்தன, தண்டையல் இல்லை.

அந்தச் சொல்லுக்கு வருகிறேன். தண்டையல், தண்டேல், தண்டல்: ஒரே சொல்லின் உருவங்கள். தமிழகராதி ‘தண்டல்’ என்பதற்கு வரி திரட்டுதல் என்று பொருள் சொல்வதோடு, படகுத் தலைவன் என்றும் சொல்கிறது. கலாசிகளை நடத்தியவனைக் குறித்த சொல், ஆங்கிலேயர் காலத்தில் கரையில் கூலிக் குழுவை நடத்தியவனையும் குறித்தது. மலாயில் ‘தண்டில்’ ஆயிற்று. நம் பால்மரத் தோட்டங்களில் கிராணிக்குக் கீழே நின்று ஆள்களை வேலைக்கு விரட்டியவர் யார்? தண்டல்.

என் தாத்தா ரெங்கம் பக்கத்துத் தோட்டமொன்றில் தண்டலாக இருந்தவர். எங்கள் வீட்டைத் ‘தண்டல் வீடு’ என்பார்கள். அதைச் சொல்லும்போது சிலர் குரலில் மரியாதை இருக்கும். பலர் குரலில் பழைய கசப்பு இருக்கும். பள்ளியில் என்னை ஒருவன் தண்டல் பேரன் என்று அழைத்ததற்காக அவனோடு மண்ணில் புரண்டு சண்டையிட்டிருக்கிறேன். வெள்ளைக்காரத் துரையின் சொல் என்றே அதை நெடுங்காலம் எண்ணியிருந்தேன். வெறுத்தேன் என்றும் சொல்லலாம். தம்பிப்பிள்ளையின் பதவிப்பெயரை அச்சில் முதன்முறை பார்த்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தாத்தாவின் கைக்கம்பு அதனால் மென்மையாகிவிடாது. அவர் செய்தவை செய்தவையே. ஆனால் அந்தச் சொல் அவரிடம் வருமுன் எங்கெல்லாம் போய்வந்தது என்பது தெரிந்தபின், அதைக் கேட்டுத் தலைகுனிய என்னால் முடியவில்லை.

சென்ற ஆண்டு, அதே தோட்டத்தில் வளர்ந்த முதியவர் ஒருவரைச் சந்தித்து இதையெல்லாம் சொன்னேன். என் தாத்தாவிடம் திட்டு வாங்கியவர் அவர். தண்டல் என்பது கப்பல் சொல், எதிர்க்காற்றில் பாய் திருப்பக் குரல் கொடுப்பவரின் பெயர் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “அப்படியா சங்கதி! விடியக்காலைப் பெரட்டுல ஒன் தாத்தா போட்ட சத்தம் அடுத்த டிவிசனுக்குக் கேக்கும். எதுக்கு இந்த மனுசன் இப்படிக் கத்துறாருன்னு அறுவது வருசமா நெனைச்சுக்கிட்டிருந்தேன்” என்றார்.