நடத்தைப் பயிற்சியும் நம் குழந்தைகளும்

(சங்கத்தின் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இம்மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். இவ்வாண்டு செயலாளர் அவர்கள் எங்களை அழைத்து, "உங்கள் பிள்ளையை வளர்க்கும் விதத்தைப் பற்றிப் பேசுங்கள்" என்றார். நாங்கள் மருத்துவரும் அல்லோம். உளநூல் பயின்றவரும் அல்லோம். பள்ளியிறுதியோடு படிப்பை நிறுத்தி, இரயில்வே அலுவலகத்தில் கோப்பும் பேரேடுமாகக் காலங்கழிக்கும் எழுத்தர். ஆயினும், ஆட்டிசம் உடைய ஒரு பிள்ளையைப் பதினோரு ஆண்டுகளாக வளர்த்துவரும் பெற்றோர் என்னும் தகுதி ஒன்று எங்கட்கு உண்டு. 'நாங்கள்' என்று சொல்லுங்கால் இல்லத்தரசியையும் சேர்த்தே சொல்லுகின்றோம். கண்டறிந்தவற்றுள் பெரும்பகுதி அவருடையது.

ஆட்டிசம் என்பதைத் தமிழில் மதியிறுக்கம் என்றும் வழங்குவர். 1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர் பதினொரு குழந்தைகளை நெடுநாள் உற்றுநோக்கி இதனை விரித்தெழுதினார். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, சுட்டிக்காட்டாமை, சொன்னதையே திருப்பிச் சொல்லுதல், ஒன்றையே ஓயாது செய்தல், சிறு மாற்றத்தையும் பொறாமை, சில ஒலிகட்கு அஞ்சுதல் முதலியன இதன் குறிகள். எல்லாம் எல்லாரிடத்தும் இரா. எங்கள் பிள்ளைக்குக் குக்கரின் சீழ்க்கை கேட்டால் உயிரே போய்விடும். நடைமேடையில் இரயில் எஞ்சின் ஊதினாலோ கைகொட்டிச் சிரிப்பான்! காரணம் இன்றும் எங்கட்கு விளங்கவில்லை.

2018-இல் வெளியான ஓர் ஆய்வில் இந்தியாவின் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையுள்ள 3,964 குழந்தைகளைச் சோதித்தனர். அவ்விடங்களுள் நம் ஐதராபாத்தும் ஒன்று. ஏறக்குறைய நூறு குழந்தைகட்கு ஒருவர் ஆட்டிசம் உடையவர் என்று அவ்வாய்வு காட்டிற்று. ஆதலின், நம் காலனியில் எங்கள் வீடு ஒன்றே இத்தகைய வீடு என்று எண்ண இடமில்லை. மற்றவர் வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஏன் சொல்லவில்லை? தாயைக் குறை கூறுவரே என்னும் அச்சம். "தாய் வேலைக்குப் போகிறாள்", "கைபேசியைக் கொடுத்துப் பழக்கிவிட்டாள்" என்னும் சொற்களை எங்கள் வீட்டார் கேட்டு அழுத இரவுகள் பல. இது நம்மவரிடம் மட்டும் உள்ள பேதைமை அன்று. அன்பற்ற தாயால் வருவது இந்நோய் என்று மேலைநாட்டு அறிஞரும் ஒரு காலத்தில் எழுதினர். சிகாகோவில் பெட்டல்ஹைம் என்பவர் 1967-இல் நூலே இயற்றினார். அதற்கு மூன்றாண்டு முன்னரே, 1964-இல், ரிம்லாண்டு என்னும் உளநூலார் இது மூளை வளர்ச்சியைச் சார்ந்தது, தாயின் குற்றமன்று என்று தக்க சான்றுகளுடன் எழுதியிருந்தார். அவரும் ஆட்டிசம் உடைய ஒரு பிள்ளையின் தந்தையே. தடுப்பூசியால் வருவதென்னும் வதந்தியும் அத்தகையதே. அதனைக் கிளப்பிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

நாங்கள் செய்த பிழை வேறு. செகந்திராபாத்தை அடுத்த போவன்பள்ளியில், மனோவிகாஸ் நகரில், 1984-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தேசிய நிறுவனம் ஒன்று உள்ளது. மனவளர்ச்சி குன்றியோர்க்கான நிறுவனம் என்பது அதன் பழைய பெயர். இப்போது அறிவுசார் குறைபாடுடையோர் மேம்பாட்டு நிறுவனம் என்பர். ஆட்டிசத்தை மதிப்பிட இந்தியாவுக்கென்று உருவான நாற்பது வினாக்கள் கொண்ட அளவுகோல் அங்கேயே பிறந்தது. அது நம் வீட்டிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவு. எனினும் பிள்ளைக்கு இரண்டு வயதாகியபோது எழுந்த ஐயத்தை நான்கு வயது வரை மனத்திலேயே வைத்திருந்தோம். ஒரு மருத்துவர், "ஆண்பிள்ளை தாமதமாகத்தான் பேசுவான்" என்றார். அது கேட்க இனிமையாக இருந்தமையால் நம்பினோம். அவ்விரண்டு ஆண்டுகள் திரும்ப வாரா.

இனி நடத்தைப் பயிற்சிக்கு வருவோம். பயிற்சியாளர் முதல் நாள் பிள்ளைக்கு ஒன்றும் கற்பிக்கவில்லை. எங்களிடம் ஒரு குறிப்பேடு எழுதச் சொன்னார். பிள்ளை அலறித் தலையைத் தரையில் மோதும்போதெல்லாம் மூன்று செய்திகளை எழுதவேண்டும்: அதற்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதற்குப் பின் நாங்கள் என்ன செய்தோம். பேரேடு எழுதுவது எங்கள் பிழைப்பு. கோடு போட்டு, நாளும் நேரமும் இட்டு, மூன்று வாரம் எழுதினோம்.

மூன்றாம் வாரக் கடைசியில் எழுதியதைப் படித்தபோது எங்கட்கே வெட்கமாயிற்று. மூன்றாம் பத்தியில் திரும்பத் திரும்ப ஒரே வாசகம்: "முறுக்குக் கொடுத்தோம், அடங்கினான்." முறுக்கு டப்பா பரணின்மேல் இருந்தது. அவனால் கேட்க இயலாது. அலறினால் அது கீழே இறங்கும். அலறக் கற்பித்தவர் நாங்களே! பயிற்சியாளர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "பிள்ளையிடம் கெட்ட குணம் ஒன்றும் இல்லை. கேட்பதற்கு வேறு வழி கொடுங்கள்" என்றார்.

டப்பாவின் படம் ஒன்றை அட்டையில் ஒட்டினோம். அவன் பரணை நோக்கிய உடனே, அலறுவதற்கு முன்பே, வீட்டார் பின்னின்று அவன் கையைப் பிடித்து அட்டையை எடுத்து எங்கள் கையில் வைப்பார்; மறுகணமே முறுக்கு. அலறலுக்கு மட்டும் முறுக்கு இல்லை. நற்செயலுக்கு உடனே கைம்மாறு கிடைத்தால் அச்செயல் வேரூன்றும் என்பதே இம்முறையின் அடிப்படை. சொல்வது எளிது. முதல் நான்கு நாள் அலறல் முன்னினும் இருமடங்காயிற்று. அப்படி ஆகுமென்று முன்னரே எச்சரித்திருந்தமையால் தாங்கினோம். தலை மோதாதபடி தலையணை வைத்துக்கொண்டு அருகிலேயே அமர்ந்திருந்தோம். அண்டை வீட்டார் கதவைத் தட்டினர். அவர்கள்மேல் குறையில்லை. ஆறாம் நாள் அவனே அட்டையை எடுத்துவந்தான். பின்னர்த் தண்ணீர், ஊஞ்சல், வெளியே போதல் என்று அட்டைகள் பெருகின. எல்லாவற்றினும் பயன்பட்டது 'போதும்' என்னும் அட்டை. தாங்கமுடியாமையை அவன் சொல்லக் கற்றபின் தலை மோதுதல் படிப்படியாகக் குறைந்து ஏறத்தாழ நின்றது.

சட்டை அணியவும் பல் துலக்கவும் இவ்வாறே சிறுசிறு படிகளாகப் பிரித்துக் கற்பித்தோம். கடைசிப் படியை முதலில் கற்பிப்பது ஓர் உத்தி: சட்டையை நாங்கள் அணிவித்துக் கடைசிப் பொத்தானை மட்டும் அவனிடம் விடுவோம், முடித்த மகிழ்ச்சி அவனுடையதாகும். பிறகு இரண்டு பொத்தான். இப்படியே பின்னோக்கிச் செல்ல ஏழு மாதம் ஆயிற்று.

தமிழ்ச் சங்கத்தில் கட்டாயம் சொல்லவேண்டிய செய்தி ஒன்று உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கடையில் உருது, பள்ளியில் ஆங்கிலம் என்பது நம் நிலை. "இத்தனை மொழி கேட்பதால்தான் குழம்புகிறான், தமிழை நிறுத்தி ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்று ஒருவர் அறிவுரை கூறினார். எட்டு மாதம் அவ்வாறு செய்தோம். ஆங்கிலம் அறியாத பாட்டி தம் பேரனிடம் ஒரு சொல்லும் பேசாமல் அடுக்களையிலேயே இருந்துவிட்டார். இரு மொழி கேட்பதால் ஆட்டிசக் குழந்தைகளின் பேச்சு மேலும் தாமதப்படுவதில்லை என்று பல நாட்டு ஆய்வுகள் கூறுவதைப் பின்னர் அறிந்தோம். இன்று அவன் 'வா' என்றாலும் வருவான், 'ரா' என்றாலும் வருவான். அவன் வாய்திறந்து சொன்ன முதற்சொல் 'தா' என்பது. ஏழாம் வயதில், பாட்டியிடம் சொன்னான்.

இம்முறையின் குறைகளையும் மறைத்தல் கூடாது. லோவாஸ் என்பவர் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் நாற்பது மணி பயிற்சி பெற்ற 19 குழந்தைகளுள் 9 பேர் மற்றக் குழந்தைகளைப்போல் பள்ளியில் பயிலும் நிலை எய்தினர் என்றார். அதைப் படித்து ஆவலுற்ற பெற்றோர் பலர். நாங்களும் அவருள் அடக்கம். ஆனால் அக்குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவரல்லர். அத்தகைய விளைவு எல்லார்க்கும் கிட்டுவதுமில்லை. தொடக்க காலத்தில் அடித்தும் மின்னதிர்ச்சி கொடுத்தும் பயிற்றினர் என்பது இதன் வரலாற்றில் கறை. ஆட்டிசம் உடையோர் சிலர் வளர்ந்தபின், "எங்களை மற்றவர்போல் நடிக்கவே பழக்கினீர்கள்" என்று வருந்தி எழுதியுள்ளனர். அதனைப் படித்தபின், முகத்தைத் திருப்பிக் கண்ணைப் பார்க்கச் சொல்வதை நிறுத்தினோம். மகிழ்ச்சியில் கையை உதறுகிறான் என்றால் உதறட்டும். யாருக்கு என்ன கேடு? இக்காலத்தில் மேசைமுன் இருத்திப் பயிற்றுவதைவிட விளையாட்டினூடே பயிற்றுவதை விரும்புகின்றனர். "ஆறு மாதத்தில் குணமாக்குவோம்" என்பாரை மட்டும் நம்பவேண்டாம். அப்படிப்பட்ட ஒருவரிடம் நாங்கள் ஓராண்டுப் போனஸைத் தொலைத்தோம்.

உரிமைகளைச் சுருக்கமாகச் சொல்லுவோம். 1999-ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டமும், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஆட்டிசத்தை ஏற்றுள்ளன. அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் ஆண்டுக்கு ஓர் இலட்சம் ரூபாய் வரை பெறலாம். பயிற்சிச் செலவும் அதில் அடங்கும். மாற்றுத்திறனுடைய பிள்ளையைப் பேணும் மத்திய அரசு ஊழியர்க்குச் சுழல்முறை இடமாற்றத்திலிருந்து விலக்களிக்க 2014 முதல் ஆணை உண்டு. துணையின்றிச் செல்லவியலாத அறிவுத்திறன் குறைபாடுடையவர்க்கும் உடன்செல்வோர்க்கும் இரயிலில் படுக்கை வகுப்பில் 75 விழுக்காடு சலுகை உண்டு. சான்றிதழின் வாசகம் சரியாக இருத்தல் வேண்டும். கூட்டம் முடிந்தபின் எங்களைக் காணுங்கள். படிவம் நிரப்புவது ஒன்றே நாங்கள் ஐயமறக் கற்ற கலை.

ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவிற்குப் பிள்ளையை அழைத்துவர எண்ணியுள்ளோம். ஒலிபெருக்கியைச் சற்றுத் தணித்து வைத்தால் நலம். அவன் காதைப் பொத்திக்கொண்டு வாயிலருகே நின்றால் இழுத்து உள்ளே அமர்த்தவேண்டாம், அங்கிருந்தே பார்ப்பான்.

இன்று பின்வரிசையில் பாட்டியோடு அமர்ந்திருக்கிறான். இவ்வளவு நேரம் பொறுத்திருந்து, இப்போது 'போதும்' அட்டையை எங்களை நோக்கி உயர்த்துகிறான். ஆதலின் இவ்வளவில் நிறுத்துகின்றோம்.