அயல்நாட்டுப் பள்ளிகளோடு கூடிக் கற்றல்

(மணவூரில் நடைபெற்ற சங்க வெள்ளி விழாவில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



அயல்நாட்டுப் பள்ளிகளோடு நம் பள்ளிகள் உறவு கொள்வதைப்பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். சென்னைக்கு இரயிலேறிப் போய்வருவதையே பெரும் பயணமாகக் கருதும் பிள்ளைகளுக்கு இஃது எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் இவ்வுறவு நம் மக்களுக்குப் புதிதன்று. அமெரிக்கரான கர்னல் ஆல்காட் 1894ஆம் ஆண்டில் அடையாற்றுப் பக்கத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளியைத் தொடங்கினார். 1898இல் பண்டிதர் அயோத்திதாசர் அவரோடு கொழும்புக்குச் சென்று வந்தார். அமெரிக்க ஆசிரியைகள் கடல் கடந்து வந்து, விளையாட்டின் வழியே கற்பிக்கும் கிண்டர்கார்டன் முறையை நம் குழந்தைகளிடம் கையாண்டனர். பல பள்ளிகளின் வாயில்கள் சாத்தியிருந்த காலம் அது. அந்த நன்றியை நாம் மறக்கவில்லை. எனினும் அப்பள்ளிகளின் பாடத்திட்டம் தொடக்கக் கல்வியோடும் சமையல், தையல் போன்றவற்றோடும் நின்றது. நம் பிள்ளை எவ்வளவு படித்தால் போதும் என்பதை, கொடுத்தவர்களே முடிவு செய்தார்கள்.

இக்குறை இன்றும் தீரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் அயல்நாட்டுப் பள்ளியொன்று எங்களோடு தொடர்பு கொண்டது. வண்ணப் பென்சில்களும் குறிப்பேடுகளும் வந்தன. பிள்ளைகளின் வீடுகளைப் புகைப்படம் எடுத்து அனுப்புமாறு கேட்டார்கள்; நாங்களும் அனுப்பினோம். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “ஐயா, அவங்க வீட்டுப் படம் வந்துச்சா?” என்று கேட்டாள். வரவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. அவள் கேட்ட பிறகுதான், நாங்கள் செய்தது கூட்டுக் கல்வியன்று, கையேந்தல் என்பது விளங்கிற்று.

ஆகவே வேறொரு வழியை நாடுகிறோம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த எரட்டோஸ்தனீஸ் என்னும் கிரேக்க அறிஞர், இரண்டு ஊர்களின் நண்பகல் நிழலை ஒப்பிட்டு உலகின் சுற்றளவைக் கணக்கிட்டார். பல நாட்டுப் பள்ளிகள் இன்று இதனைச் சேர்ந்து செய்துபார்க்கின்றன. நமக்கு இதில் ஒரு நற்பேறு உண்டு. மணவூரும் யாழ்ப்பாணமும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில் அமைந்தவை. ஏப்ரல் 24, ஆகஸ்டு 18 ஆகிய நாள்களையொட்டி நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். நட்ட கோலுக்கு நிழல் விழாது. அதே வேளையில் யாழ்ப்பாணத்தில் ஒரு மீட்டர்க் கோலின் நிழல் தெற்கு நோக்கிச் சுமார் 6 சென்டிமீட்டர் விழும். அதிலிருந்து பெறும் கோணம் ஏறக்குறைய 3.4 பாகை. இரண்டு ஊர்களுக்கும் இடைத்தொலைவு ஏறக்குறைய 380 கிலோமீட்டர். 360 பாகைக்கு எவ்வளவு என்று பெருக்கிப் பாருங்கள். 40,000 கிலோமீட்டரை ஒட்டி வரும். கணக்கும் புவியியலும் வரலாறும் ஒரே முற்றத்தில் கூடிவிடுகின்றன. கடிதம் எழுதும்போது தமிழ்ப் பாடமும் சேரும்: நாம் பேசுகிறோம், அவர்கள் கதைக்கிறார்கள்!

இதில் கொடுப்பவர் யார், பெறுபவர் யார்? அவர்களுடைய அளவு இல்லாமல் நம் கணக்கு முடியாது. நம் அளவு இல்லாமல் அவர்கள் கணக்கும் முடியாது. இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. நம் முன்னோரின் நிழல் பட்டாலே தீட்டு என்று ஒதுங்கிய தெருக்கள் இந்நாட்டில் இருந்தன. அந்த நிழலைப்பற்றி நம் பேரப்பிள்ளைகள் அடிக்கோலோடு குனிந்து ஆராயப்போகிறார்கள்.

செலவு பெரிதன்று. நேரான கோல், சமதளமான தரை, தூக்குநூல், ஒரு கைபேசி, இவை போதும். யாழ்ப்பாணத்தில் உடன்படும் பள்ளியொன்றைத் தேடிக்கொண்டிருக்கிறோம். அங்கே உறவோ நட்போ உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் எங்களைச் சந்திக்க வேண்டுகிறோம். ஆகஸ்டு 18 அன்று பிற்பகல் 12 மணி 15 நிமிடத்தையொட்டி அளக்க வேண்டும். அன்று மேகம் மறைத்தால் ஏப்ரல்வரை காத்திருக்க நேரும். ஏப்ரலில் தேர்வு முடிந்து, பிள்ளைகள் பெற்றோரோடு வேலைக்குப் போய்விடுவார்கள். அந்த ஒரு நண்பகலுக்கு அவர்களைப் பள்ளி முற்றத்திற்கு அழைத்துவரும் பொறுப்பைச் சங்கத்து இளைஞர்கள் ஏற்க வேண்டும்.