விழித்திருக்கும் நோயாளியின் சொல்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் நம் குடும்பங்களில், அறுவை சிகிச்சை என்றவுடன் எழும் முதற்கேள்வி, “மயக்கம் கொடுப்பார்களோ?” என்பதேயாகும். முறிந்த கையைச் சீராக்க முழு மயக்கம் எப்போதும் வேண்டுவதில்லை. கையை மட்டும் மரக்கச் செய்தலே பல வேளைகளில் போதும். 1951-ஆம் ஆண்டிலேயே மருத்துவக் கல்லூரி கண்ட இத்திருவனந்தபுரத்தில் இம்முறை புதிதன்று.

1884-இல் வியன்னாவில் கார்ல் கோலர் என்பார் கோகெயின் கொண்டு கண்ணை மரக்கச் செய்தார். 1908-இல் ஜெர்மானியரான ஆகஸ்ட் பியர், கையைப் பட்டையால் இறுக்கி, இரத்தக் குழாய் வழியே மருந்தேற்றும் முறையை அறிவித்தார். காறை எலும்பின் மேற்புறத்தில் நரம்புக் கற்றையின் அருகே ஊசியிடுவது மற்றொரு முறை.

இம்மருந்துகளின் வேலை சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். பின்னர் வலி திரும்பும். ஆகவே குளோனிடின், டெக்ஸ்மெடிடோமிடின் போன்ற, உறக்கமும் தரவல்ல மருந்துகளை அதனோடு சிறிதளவு கலக்கின்றனர். மரப்பு விரைந்து வருகிறது; நெடுநேரம் நிற்கிறது. எனினும் சிலருக்கு நாடி தளர்கிறது; இரத்த அழுத்தம் தாழ்கிறது. டெக்ஸ்மெடிடோமிடின் 1999-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது தீவிர சிகிச்சை நோயாளிகளுக்குச் சிரை வழியே அமைதியூட்டவே. நரம்பருகே இடுவது மருத்துவர் தம் பொறுப்பில் எடுக்கும் முடிவு.

இனி நான் சொல்ல வந்ததன் சாரத்திற்கு வருகிறேன். மரக்கச் செய்யும் மருந்து அளவுக்கு மீறி இரத்தத்தில் கலந்தால், உதடும் நாக்கும் மரக்கும், காது இரையும், வாயில் உலோகச் சுவை தோன்றும். அதன்பின் வலிப்பு வரலாம், இதயமும் தடுமாறலாம். அம்முதல் அறிகுறிகளை நோயாளியின் வாய்ச்சொல்லே அறிவிக்கும். உறக்க மருந்தோ அச்சத்தைத் தணிக்கும்போதே அச்சொல்லையும் மழுங்கச் செய்கிறது! எனவே நோயாளி கண்ணயரும் அளவிற்கு, அருகிலிருப்பவர் கண் விழித்திருத்தல் வேண்டும். நாடியையும் மூச்சையும் காட்டும் கருவிகளும், நஞ்சேறினால் செலுத்தக் கொழுப்புக் கரைசலும் கைவசம் இருத்தல் வேண்டும்.

நம் கடமையும் உண்டு. நாடியைத் தளர்த்தும் மாத்திரையோ, இரத்த அழுத்த மாத்திரையோ உண்பவர் முன்னரே கூறுக. உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவதையும் மறையாதீர். “ஒரு வாய்க் காப்பிதானே” என்று ஒளிக்காதீர். எந்த மருந்தைக் கலக்கிறீர்கள், ஏன் கலக்கிறீர்கள் என்று கேட்கத் தயங்காதீர், கேட்பது அவமதிப்பன்று. மரத்த கை சூட்டை உணராது. உணர்வு திரும்பும்வரை தூளியிலிட்டுக் காத்திடுக.

மொழியைக் குறித்தும் கூச்சம் வேண்டா. நாம் மரத்துப்போதல் என்பதை மலையாளத்தார் மரவிப்பு என்பர். ஒரே வேரில் கிளைத்த சொற்கள்! “நாக்கு மரக்கிறது” என்று நம் மூதாட்டி தமிழிலேயே சொல்லட்டும், அக்கணமே சொல்லட்டும். அச்சொல் ஓர் உயிரைக் காக்கலாம்.