இந்த லேப்டாப்புக்கு எந்த ஓ.எஸ். போடலாம்?



2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. வீட்டு உபயோகக் கணினிகளில், பதிவு செய்துகொண்டவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பு உண்டு. திருத்தங்கள் நிற்கும் என்று தெரிந்ததிலிருந்து எங்கள் காரைக்கால் பகுதியின் திருமலைராயன்பட்டினத்தில் தெரிந்தவர்கள் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான். "தம்பி, லேப்டாப் நல்லாத்தான் ஓடுது. ஆனா விண்டோஸ் 11 இதுல ஏறாதுன்னு கடையில சொல்லிட்டாங்க. புதுசு வாங்கணுமா?"

வாங்க வேண்டியதில்லை. ஏன் என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன். அதோடு, எல்லா ஓ.எஸ்.களையும் பார்த்துவிட்டு என் விருப்பம் எதில் நின்றது என்பதையும் சொல்கிறேன்.

ஓ.எஸ்., அதாவது ஆபரேட்டிங் சிஸ்டம் செய்யும் வேலை பங்கீடு. நம் கடைமடைப் பகுதியில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறோமே, அதுபோல ஒரே சமயத்தில் ஓடும் பத்து இருபது நிரல்களுக்கும் செயலியின் நேரத்தையும் நினைவகத்தின் இடத்தையும் அது பங்கிட்டுத் தருகிறது. விசைப்பலகை, திரை, பிரிண்டர், வைஃபை எல்லாம் அதன் வழியாகத்தான் பேசும். அதில் ஒரு ஓட்டை இருந்து, அதை அடைக்க ஆளில்லை என்றால், மேலே எவ்வளவு நல்ல மென்பொருள் இருந்தும் பயனில்லை. திருத்தம் நின்றுபோன ஓ.எஸ்.ஸில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள் என்று சொல்வது அதனால்தான்.

விண்டோஸ் 11க்கு இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். எட்டாம் தலைமுறைச் செயலிகள் சந்தைக்கு வந்ததே 2017இல்தான். அதற்கு முன் வாங்கிய இயந்திரம், திரையும் விசைப்பலகையும் பளிச்சென்று இருந்தாலும், பட்டியலுக்கு வெளியே நிற்கிறது. ஆப்பிளிலும் இதே கதைதான். 2020 நவம்பரில் தன் சொந்தச் சில்லுக்கு மாறிய அந்த நிறுவனம், 2025இல் வந்த மேக் ஓ.எஸ். டாஹோதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசிப் பதிப்பு என்று சொல்லிவிட்டது.

மேக்கைப் பற்றி நீட்டி முழக்க மாட்டேன். நேர்த்தியான அமைப்பு, நல்ல எழுத்துரு. மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி எழுத்துரு பல ஆண்டுகளாக மேக்கோடு சேர்ந்தே வருகிறது. அது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் விலை நம் ஊர்க் குடும்பங்களுக்கு எட்டாது. பழுது பார்க்கவும் வெளியூர்தான் போக வேண்டும். ஆகவே உண்மையான போட்டி விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் இடையில்தான்.

லினக்ஸ் என்றதும் பலர் ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்கிறார்கள். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைபேசிக்குள் ஓடுவது லினக்ஸ் கரு. உலகின் முதல் 500 மீக்கணினிகளும் 2017 நவம்பரிலிருந்து லினக்ஸில்தான் ஓடுகின்றன. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கி வைத்தது அது. அதற்கும் முன்பே, 1983இல், ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டத்தின் கருவிகளும் அதோடு சேர்ந்தன. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், நகலெடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம்.

நம் பகுதிக்கு இது புதிதும் அல்ல. திருவாரூர் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது நிர்வாகத்தைக் கணினிக்குக் கொண்டுவந்த உமாசங்கர், பிறகு தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் அங்கிருந்த கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றினார். 2007இல் மத்திய அரசின் கணினி ஆய்வு அமைப்பான சி-டாக்கின் சென்னை மையம் பாஸ் என்ற இந்திய லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15ஆம் தேதி தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் அடுத்த சில ஆண்டுகளில் மாணவர் கைக்குப் போயின. முதலில் வந்தவற்றில் விண்டோஸும் பாஸும் இரண்டுமே இருந்தன. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்குத் திருத்தம் நின்றபோது, பாஸுக்கு மாறும்படி தமிழக அரசு தன் துறைகளுக்கு அறிவுறுத்தியது.

நாம் புதுச்சேரி ஆட்சிக்குட்பட்டவர்கள், அது வேறு திட்டம், வேறு கணக்கு. ஆனால் வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். அங்கே மாமன் வீடு, இங்கே அத்தை வீடு. அந்த மடிக்கணினிகள் எல்லை தாண்டி நம் தெருக்களுக்கும் வந்தன. நான் கையில் வாங்கிப் பார்த்தவற்றில் பெரும்பாலானவற்றில் பாஸ் இருந்த இடத்தில் பாஸ் இல்லை. கடையில் கொடுத்து அழித்துவிட்டு முழுவதும் விண்டோஸ் போட்டிருந்தார்கள்.

அந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்லவே மாட்டேன். இயந்திரத்தைக் கொடுத்தவர்கள், இரண்டாவது ஓ.எஸ்.ஸைச் சொல்லித்தர ஓர் ஆளைக் கொடுக்கவில்லை. பாட்டு ஓடவில்லை என்றால் யாரிடம் கேட்பது, பிரிண்டர் பேசவில்லை என்றால் எங்கே கொண்டுபோவது? விண்டோஸுக்கு மூலைக்கு மூலை ஆள் இருந்தது. பாஸுக்கு இல்லை.

இதற்கு நேர்மாறான ஒரு கதை நம் ஒன்றியப் பகுதியிலேயே நடந்திருக்கிறது. மாஹே நம்மைப்போலவே புதுச்சேரியைச் சேர்ந்த ஊர், ஆனால் சுற்றிலும் கேரளம். அங்குள்ள பள்ளிகள் அண்மைக்காலம் வரை கேரளப் பாடத்திட்டத்தில் இருந்தன, காரைக்கால் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் இருந்ததுபோல. கேரளம் 2000களின் பிற்பாதியிலேயே பள்ளிக் கணினிக் கல்வியை முழுக்க லினக்ஸுக்கு மாற்றிவிட்டது. முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பிறகு பாடநூல், பிறகு பத்தாம் வகுப்புத் தேர்வே அதில். அங்கே யாரும் லினக்ஸைப் பார்த்துப் பயப்படவில்லை. ஒரே ஆட்சியின் கீழ் இரண்டு ஊர், இரண்டு அனுபவம். நம் பிள்ளைகளும் 2018இல் வந்த பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில் விண்டோஸையும் உபுண்டுவையும் படித்தார்கள். ஆனால் பலருக்கு அது மதிப்பெண்ணோடு முடிந்துபோனது.

ஆகவே ஓர் ஓ.எஸ்.ஸை எடைபோட நான் இரண்டு கேள்வி வைத்துக்கொள்கிறேன். சிக்கல் வந்தால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? இந்த இயந்திரம் எப்போது ஓய்வுபெற வேண்டும் என்று முடிவு செய்வது யார், நானா, விற்றவரா?

முதல் கேள்வியில் விண்டோஸுக்குத்தான் வெற்றி, அதில் சந்தேகமே இல்லை. கணக்கெழுதும் கடைகளில் டேலி. அது விண்டோஸுக்காகவே செய்யப்பட்டது. பொது சேவை மையங்களில் விரல் ரேகை பதிக்கும் கருவிகள் பலவற்றுக்கும் விண்டோஸை மனத்தில் வைத்துத்தான் மென்பொருள் எழுதியிருக்கிறார்கள். அந்த வேலை செய்பவர்கள் விண்டோஸிலேயே இருங்கள். முடிந்தால் 11க்குப் போங்கள், காசு கொடுத்து உரிமத்தோடு வாங்குங்கள். ஐந்நூறு ரூபாய்க்குக் கடையில் போட்டுத்தரும் திருட்டு நகலில், உரிமப் பூட்டை உடைக்கும் நிரலோடு வேறு என்னென்ன உள்ளே வருகிறது என்பது போட்டுத்தருபவருக்கே தெரியாது.

அச்சு வேலை செய்யும் டி.டி.பி. கடைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் நம் தமிழும் மாட்டிக்கொண்டிருக்கிறது. மாசி மகத்துக்குத் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் நம் பட்டினத்துக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் சமயம், கடைகளில் நோட்டீஸ் வேலை ராத்திரி பகலாக நடக்கும். போன வருட நோட்டீஸ் கோப்பைத் திறப்பார்கள், தேதியை மாற்றுவார்கள், உபயதாரர் பெயரை மாற்றுவார்கள், அச்சுக்குப் போய்விடும். கோப்பு பேஜ்மேக்கரில் இருக்கும். அடோபி அந்த மென்பொருளைப் புதுப்பிப்பதை நிறுத்தி இருபது வருடமாகிறது. எழுத்துரு பாமினியோ அதுபோன்ற வேறொன்றோ.

அந்தக் கோப்பை லினக்ஸில் திறந்தால் தமிழே தெரியாது. பாமினியில் நாம் "அம்மா" என்று தட்டினால், கணினிக்குள் பதிவாவது எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச். அந்த ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுவதுதான் அந்த எழுத்துருவின் வேலை. எழுத்துரு இல்லாத இடத்தில் போர்வை விலகி ஆங்கிலக் குப்பை தெரிகிறது. இது லினக்ஸின் குறை இல்லை. வேறொரு விண்டோஸ் கணினியில், அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தாலும் இதே கதிதான். 2000ஆம் ஆண்டிலேயே விண்டோஸ் லதா எழுத்துருவோடு, எழுத்துரு மாறினாலும் எழுத்து மாறாத யூனிகோடு தமிழைக் கொண்டுவந்துவிட்டது. 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசும் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. ஆனாலும் கடைகளில் இருபத்தைந்து வருட உழைப்பு பழைய எழுத்துருக் கோப்புகளாகக் கிடக்கிறது. கோயில் தலவரலாறு, சங்கத் தீர்மானம், யார் யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை, எல்லாம். அவற்றை யூனிகோடுக்கு மாற்ற இலவச மாற்றிகள் உண்டு. எந்த ஓ.எஸ். வைத்திருந்தாலும் சரி, கடைக்காரர்கள் நாளொன்றுக்கு நாலு கோப்பாவது மாற்றி வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நோட்டீஸ் அடிக்கக் கொடுப்பவர்களும் யூனிகோடு பிரதி ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இங்கே என் மனம் முழுக்க டெபியன் பக்கம். லினக்ஸ் கருவை வைத்து 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் என்ற இளைஞர் தொடங்கியது டெபியன். அதற்கு முதலாளி கிடையாது. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் சேர்ந்து, 1997இல் எழுதிக்கொண்ட சமூக ஒப்பந்தத்தின்படி நடத்துகிறார்கள். உபுண்டு அதிலிருந்து பிறந்தது. நம் பாஸும் அதன்மேல்தான் நிற்கிறது. டெபியனை நிறுவ ஆரம்பிக்கும்போதே மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது. யாரோ சில தமிழர்கள் சம்பளமில்லாமல் உட்கார்ந்து வரிவரியாக மொழிபெயர்த்திருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். தமிழ்99 விசைப்பலகையை அமைத்துக்கொண்டால் "பக்கம்" என்று எழுத ப, க, க, ம, கடைசி மகரத்துக்கு ஒரு புள்ளி, அவ்வளவுதான். இரண்டு ககரத்துக்கு நடுவில் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும்.

புது இயந்திரம் வாங்கு என்று டெபியன் யாரையும் விரட்டுவதில்லை, விற்பதற்கு அதனிடம் இயந்திரமே இல்லை. பத்து வருட லேப்டாப்பில், நான்கு ஜி.பி. நினைவகத்தில், பிள்ளை படிக்கவும் கடிதம் எழுதவும் இணையம் பார்க்கவும் தாராளமாக ஓடுகிறது. ஹார்ட்டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் இன்னும் வேகம். நம் கடற்கரை உப்புக்காற்றில் யு.எஸ்.பி. துளைகள் துருப்பிடிப்பது வேறு விஷயம், அதற்கு எந்த ஓ.எஸ்.ஸிலும் மருந்தில்லை.

டெபியனுக்கும் குறை உண்டு. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13ஐ மிகப் பழைய 32 பிட் கணினிகளில் புதிதாக நிறுவ முடியாது. அந்த முடிவு எனக்கு வருத்தம்தான். ஆனால் முந்தைய பதிப்பான 12 அவற்றில் ஏறும். சில லேசர் பிரிண்டர்கள் லினக்ஸில் எளிதில் வழிக்கு வராது. முதல்முறை வருபவருக்கு டெபியன் கொஞ்சம் கறாராகத் தெரியும். அவர்களுக்கு நான் தருவது லினக்ஸ் மின்ட். தொடக்கப் பட்டி, கோப்புகளின் இடம் எல்லாம் விண்டோஸ் பழகிய கண்ணுக்கு அந்நியமாக இருக்காது. வீட்டில் பெரியவர்களுக்கு மின்ட், எனக்கு டெபியன்.

பக்கத்தில் யார் என்ற கேள்விக்கும் இப்போது பதில் கிடைக்கிறது. கணியம் என்ற மின்னிதழ் 2012 ஜனவரியிலிருந்து கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே சொல்லித்தருகிறது. சென்னையிலும் விழுப்புரத்திலும் புதுச்சேரியிலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன, கேட்டால் பொறுமையாகச் சொல்வார்கள். காரைக்காலிலேயே தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது, திருவேட்டக்குடியில். அங்கே படிக்கும் பிள்ளைகள் விடுமுறையில் ஒரு நாள் பட்டினத்துக்கு வந்து, பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார்ந்து பத்து லேப்டாப்புக்கு வழி காட்டினால், முதல் கேள்வியிலும் விண்டோஸுக்குச் சமமாக லினக்ஸ் வந்துவிடும். இதை நான் உண்மையாகவே எதிர்பார்க்கிறேன்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு வழி சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். எட்டு ஜி.பி. பென்டிரைவ் ஒன்று போதும். லினக்ஸ் மின்டின் இணையதளத்தில் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள், பழைய கணினிக்கு அதுதான் இலேசு. ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் அதைப் பென்டிரைவில் எழுதுங்கள், அதில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும். லேப்டாப்பை அணைத்து, பென்டிரைவைச் செருகி, ஆன் செய்ததும் எஃப்12 அழுத்துங்கள். சில கணினிகளில் எஃப்9, சிலவற்றில் எஸ்கேப். பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் மின்ட் அதிலிருந்தே ஓடும். உங்கள் விண்டோஸை அது தொடாது. வைஃபை வருகிறதா, ஒலி கேட்கிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா என்று ஒரு வாரம் இப்படியே பாருங்கள். எல்லாம் சரி என்று தோன்றினால் மட்டும் நிறுவுங்கள். அதற்கு முன் கல்யாணப் படங்கள், சான்றிதழ் நகல்கள், பிள்ளைகளின் புராஜெக்ட் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்கில் நகலெடுத்து, அந்த நகல் இன்னொரு கணினியில் திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.